வாசலோரக் குட்டை ஸ்புரூஸ்: வாங்குவது முதல் பனிக்காலம் வரை முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், வீட்டு வாசலின் இருபுறமும் கூம்பு வடிவில் அடர்ந்து நிற்கும் இரண்டு சிறு மரங்களைக் காணாத தெரு அரிது. யாரோ மாதந்தோறும் கத்தரித்து ஒழுங்குபடுத்துவது போலத் தோன்றும் அந்த மரங்களில் பெரும்பாலானவை ட்வார்ஃப் அல்பேர்ட்டா ஸ்புரூஸ் என்னும் குட்டை ஊசியிலை மரங்களே. அந்தக் கூம்பு வடிவம் அவற்றுக்குப் பிறவியிலேயே அமைந்தது. விலை அதிகமில்லை, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது, கடுங்குளிரையும் தாங்கும் என்பதால், புதுவீடு வாங்கிய நம்மவர் பலரும் முதலில் நடும் மரமாக இது இருக்கிறது. அதே மரம் நான்கைந்து ஆண்டுகளில் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறிக் காய்ந்து நிற்பதையும் நாம் பரவலாகக் காண்கிறோம்.

அப்படிக் காய்வதற்குப் பெரும்பாலும் அக்கறைக் குறைவு காரணமில்லை. கவனிப்பு காலம் தவறி வருவதே காரணம். இந்த மரத்தில் நோவின் அடையாளம் வெளியே தெரிய வெகுநாள் ஆகும். ஜூலையில் மஞ்சளிக்கும் கிளை மே மாதத்தில் தாக்கப்பட்டிருக்கும். மார்ச்சில் பழுத்துத் தெரியும் பக்கம் முந்தைய நவம்பரில் நீரின்றி இருந்திருக்கும். அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு: ஊசிகளை இழந்து வெறுமையான பழைய கிளையில் ஸ்புரூஸ் மரம் மீண்டும் துளிர்ப்பதில்லை. எனவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு வேலையையும் அது செய்யப்பட வேண்டிய மாதத்தோடு சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

இந்த மரம் எங்கிருந்து வந்தது

1904ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரின் ஆர்னல்ட் மரத்தோட்டத்தைச் சேர்ந்த ஜோன் ஜோர்ஜ் ஜாக், ஆல்ஃபிரட் ரேடர் என்னும் இரு தாவரவியலாளர்கள் அல்பேர்ட்டாவின் ராக்கி மலைப்பகுதியில், இன்று லேக் லூயிஸ் எனப்படும் இடத்தை ஒட்டிய லாகன் என்னும் ஊரில் இந்தக் குட்டை மரத்தின் கன்றுகளைக் கண்டெடுத்தனர். அங்கிருந்து பொஸ்ரனுக்கு அனுப்பப்பட்ட கன்றுகளின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் விற்கப்படும் கூம்பு வடிவ ஸ்புரூஸ்கள்.

கனடாவின் வடகாடுகளில் பரவலாக வளரும் வெள்ளை ஸ்புரூஸ் மரத்தில் இயற்கையாக ஏற்பட்ட ஒரு மாற்றம்தான் இந்தக் குட்டை வகை. தாய்மரம் 25 மீட்டருக்கு மேலும் உயரும். இதுவோ ஆண்டுக்கு 5 முதல் 10 சென்ரிமீட்டர் வரையே வளர்ந்து, பத்தாண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தை எட்டும். ஆனாலும் 'குட்டை' என்ற சொல்லை நம்பி, இது எப்போதும் இடுப்பளவே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முப்பது ஆண்டுகள் நலமாக வாழ்ந்தால் மூன்று மீட்டரையும் தாண்டி, முன்யன்னலை மறைக்கும். இதைவிடச் சிறிதாகவே இருக்க வேண்டும் என விரும்புவோர், இதன் வழிவந்த 'ஜீன்ஸ் டில்லி' போன்ற இன்னும் மெதுவாக வளரும் வகைகளைக் கேட்டு வாங்கலாம்.

இது குளிர்நாட்டு மரம் என்பதை மறந்துவிடலாகாது. பனிக்கால உறக்கம் இதன் வாழ்வின் ஒரு பகுதி. அந்த உறக்கம் கிடைக்காத யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இதை நிலைக்கச் செய்ய முடியாது. ஊருக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழியும் இதுவே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஏப்ரல் இறுதியிலிருந்து மே முடியும் வரையிலும், பிறகு ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் இறுதி வரையிலும் நடுவதற்கு ஏற்ற காலம். இலையுதிர் காலத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஒக்ரோபர் கடைசியில் வாங்கி நட்டால், நிலம் உறைவதற்கு முன் வேர் பிடிக்க நேரம் இருக்காது.

கடையில் நிற்கும் கன்றை முன்பக்கம் மட்டும் பார்த்து எடுக்காமல், சாடியைச் சுழற்றி நாலாபுறமும் பாருங்கள். நெருக்கி அடுக்கப்பட்ட கன்றுகளில் வெயில் படாத பக்கம் வெறுமையாக இருப்பதுண்டு. அந்தப் பக்கம் பிறகு நிரம்பாது. ஒரு கிளையை மெல்ல விரலிடுக்கில் வைத்து நுனிவரை இழுங்கள். உள்ளே இருக்கும் பழைய ஊசிகள் சில உதிர்வது இயல்பு. நுனியிலுள்ள ஊசிகள் கையோடு வந்தால் அந்தக் கன்று ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. கிளைகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைத் தொடாமல் வந்துவிடுங்கள்.

இடம்

நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயில், தடையில்லாத காற்றோட்டம், நீர் தேங்காத மண் ஆகிய மூன்றும் அமைந்த இடமே இதற்கு உகந்தது. காலை வெயில் நேரடியாக விழுந்து, பிற்பகல் வெயிலின் கடுமை சற்றுத் தணியும் கிழக்குப் பக்கம் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை.

நம்மில் பலர் இந்த மரத்தை நடும் இடம் இதற்கு நேர்மாறானது. தெற்கோ தென்மேற்கோ நோக்கிய செங்கல் சுவரை ஒட்டி, ட்ரைவ்வேயின் ஓரத்தில் நடுகிறார்கள். கோடையில் சுவர் வெப்பத்தை வாங்கி மரத்தின் மேல் எறிகிறது. காற்று நகராத அந்த மூலையில், ஊசிகளின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் என்னும் சிற்றுயிர் பெருகுகிறது. பெப்ரவரியில் அதே சுவர் பனியின் ஒளியையும் சேர்த்து மரத்தைச் சுடுகிறது. ட்ரைவ்வேயிலிருந்து அள்ளி எறியப்படும் பனியோடு உப்பும் வேரில் சேர்கிறது. வாசலில்தான் நட வேண்டும் என்றால், சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். முதிர்ந்த மரத்தின் அகலம் ஒன்றரை மீட்டரை நெருங்கும் என்பதால் இந்த இடைவெளி எப்படியும் தேவைப்படும். கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் இடத்தையும், தெருவில் நாய்கள் வழக்கமாகக் கால் தூக்கும் மூலையையும் தவிர்த்துவிடுங்கள்; நாயின் சிறுநீர் பட்ட அடிக்கிளைகள் கருகிப்போகும்.

நடும் முறை

மண்வெட்டியை எடுப்பதற்கு முன், நிலத்தடியில் எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே செல்கின்றன என்பதைக் குறித்துத் தரும்படி ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவியுங்கள். வீட்டுக்காரருக்கு அது இலவசம்.

குழியின் அகலம் வேர்க்கட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமலும், ஆழம் வேர்க்கட்டின் உயரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். சாடியிலிருந்து கன்றை எடுத்ததும், தண்டு வேராக விரியும் இடத்தை, அதாவது வேர்க்கழுத்தை, விரலால் தேடிக் கண்டுபிடியுங்கள். பல சமயம் அது நான்கைந்து சென்ரிமீட்டர் மண்ணுக்குக் கீழே புதைந்திருக்கும். மேல்மண்ணைச் சுரண்டி அது வெளியே தெரியும்படி செய்த பிறகே ஆழத்தை அளக்க வேண்டும். வேர்கள் சாடியின் வடிவிலேயே வட்டமாகச் சுற்றியிருந்தால் அவற்றைக் கையால் பிரித்துவிடுங்கள். கை நுழையாத அளவுக்கு இறுகியிருந்தால், கூரிய கத்தியால் வேர்க்கட்டின் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறிவிடுவது நல்லது. பச்சை மரத்தைக் கீறுகிறோமே என்று மனம் தயங்கும். ஆனால் சுற்றிய வேர் சுற்றியபடியே போய், கடைசியில் தண்டையே நெரிக்கும்.

ரொறன்ரோப் பகுதியின் பல புதுக் குடியிருப்புகளில் ஓரடிக்குக் கீழே கனத்த களிமண்தான் இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய உரமண்ணைக் குழி நிறைய நிரப்பினால், சுற்றிலுமுள்ள களிமண் ஒரு சட்டிபோல் நீரைத் தேக்கிவைக்கும். வேரும் அந்த இளகிய மண்ணை விட்டு வெளியே போகாது. தோண்டிய மண்ணையே கட்டியுடைத்து மீண்டும் இட்டு, வேர்க்கழுத்து தரைமட்டத்திலிருந்து மூன்று முதல் ஐந்து சென்ரிமீட்டர் உயர்ந்து நிற்கும்படி நட்டால், நீர் தேங்கும் அச்சம் இல்லை. மண்ணைக் காலால் மிதிக்காமல், பாதி நிரப்பியதும் நீரூற்றிப் படியவிட்டு, மீதியை நிரப்புங்கள். பிறகு மரப்பட்டைத் துகளால் ஐந்து முதல் எட்டு சென்ரிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு இட்டு, தண்டைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு வெறுமையாக விடுங்கள்.

நீர்

முதல் ஆண்டில் வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மீட்டர் உயரக் கன்றுக்கு ஏறக்குறைய பத்து லீற்றர் நீர், வேர்ப்பகுதியில் மெதுவாக இறங்கும்படி விட வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை. மூடாக்கை விலக்கி, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் நீர் வேண்டாம். இரண்டாம் ஆண்டிலிருந்து மழையில்லாத வாரங்களில் மட்டும் விட்டால் போதும்.

பெரும்பாலோர் செப்ரெம்பரில் ஹோஸ் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஊசியிலை மரத்துக்கு மிகவும் தேவைப்படும் நீர் அதற்குப் பிறகு விடும் நீர்தான். இலையை உதிர்க்காத மரம் பனிக்காலம் முழுவதும் ஊசிகள் வழியே நீரை இழந்துகொண்டே இருக்கும். உறைந்த நிலத்திலிருந்து வேரால் அதை ஈடுசெய்ய முடியாது. ஆகவே வறண்ட இலையுதிர் காலமானால், நிலம் உறையும்வரை, நவம்பர் நடுப்பகுதிவரைகூட நீர் விடுங்கள்.

சிலந்திப்பேன்: இந்த மரத்தின் முதல் எதிரி

ஸ்புரூஸ் சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் உயிர். ஊசிகளின் சாற்றை உறிஞ்சுவதால், ஊசியில் முதலில் ஊசிமுனைபோன்ற மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பிறகு கிளை முழுவதும் வெண்கல நிறமாகி உதிர்ந்துவிடும். பிற சிலந்திப்பேன்கள் கோடை வெயிலில் பெருகும். இதுவோ இளவேனிலின் குளுமையிலும் இலையுதிர் காலத்தின் குளுமையிலும் பெருகிவிட்டு, கடும் கோடையில் அடங்கிவிடும். இதை அறியாமல்தான் பலர் தோற்கிறார்கள். ஜூலையில் மரம் பழுக்கும்போது மருந்தைத் தேடி ஓடுகிறோம். அப்போது மரத்தில் பேனே இருக்காது.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை வாரம் ஒருமுறையும், மீண்டும் செப்ரெம்பரிலும் செய்ய வேண்டிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு வெள்ளைத் தாளை உள்கிளையின் கீழ் பிடித்து, கிளையைப் பென்சிலால் நாலைந்து முறை தட்டுங்கள். தாளில் தூசியும் காய்ந்த ஊசித் துணுக்குகளும் விழும். அசையாமல் முப்பது எண்ணும்வரை காத்திருங்கள். மிளகுப்பொடிபோல் கிடந்தவற்றுள் சில மெல்ல நகரத் தொடங்கும். விரலால் தேய்த்தால் தாளில் பசுமை கலந்த கோடு விழுந்தால், அது மரத்தின் சாற்றை உண்ட பேன். விறுவிறுவென்று ஓடுபவை பெரும்பாலும் இந்தப் பேன்களைப் பிடித்துத் தின்னும் நன்மை செய்யும் இனம். அவை இருப்பது நல்ல அறிகுறி. தட்டும் இடமெல்லாம் மெதுவாக நகர்பவை பத்துக்கு மேல் விழுந்தால் நான் உடனே வேலையைத் தொடங்கிவிடுவேன்.

முதல் மருந்து தண்ணீரே. காலையில் ஹோஸ் குழாயின் வேகத்தைக் கூட்டி, மரத்தின் மேற்பரப்பில் மட்டும் அல்லாமல், கிளைகளை ஒரு கையால் விலக்கி உள்ளேயும் அடியிலிருந்து மேல்நோக்கியும் அடிக்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை என மூன்று வாரம் தொடருங்கள். ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால், முட்டைகளிலிருந்து புதிய தலைமுறை வெளிவந்துவிடும். இதற்கும் அடங்காவிட்டால் பூச்சிகொல்லிச் சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். தோட்டக்கலை எண்ணெய்களும் கிடைக்கின்றன. ஆனால் இந்தக் குட்டை ஸ்புரூஸ் எண்ணெய்க்கு நலிவடையக்கூடிய மரங்களுள் ஒன்று. எனவே ஒரு சிறு கிளையில் தெளித்து ஒரு வாரம் பார்த்த பிறகே முழு மரத்துக்கும் பயன்படுத்த வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தின் அழகுக்காகப் பல இரசாயனப் பூச்சிமருந்துகளைப் பயன்படுத்துவது 2009 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. என் எண்ணத்தில் இந்த மரத்துக்கு அது நன்மையே. கண்டபடி கொல்லும் மருந்துகள் நல்ல பேன்களையும் அழித்துவிட, கெட்டவை முன்னைவிட வேகமாகத் திரும்பிவரும்.

தாய்மரம் தலைகாட்டும்போது

சில மரங்களில் ஒருநாள், மென்மையான குறும் ஊசிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கிளை மட்டும் தனித்து நீண்டு வரும். அதன் ஊசிகள் நீளமாகவும் தடித்தும் இருக்கும்; கிளைகளுக்கிடையே இடைவெளி அகலமாக இருக்கும்; ஒரே பருவத்தில் ஒரு முழ நீளம்கூடப் போய்விடும். குட்டை வகை தன் தாயான வெள்ளை ஸ்புரூஸாகத் திரும்பிப் போவதன் அடையாளம் அது.

மரம் நன்றாக வளர்கிறது என்று மகிழ்ந்து அதை விட்டுவைப்பவர்கள் உண்டு. ஆறேழு ஆண்டில் அந்தக் கிளை மரத்தின் நீர், ஒளி எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ள, குட்டை மரம் அதன் காலடியில் ஒரு சால்வைபோல் ஒட்டிக்கிடக்கும். நுனியை மட்டும் வெட்டுவது போதாது. கண்டவுடனே கிளைகளை விலக்கி, அது புறப்படும் இடம்வரை கையை விட்டு, அடியோடு வெட்டி எடுத்துவிட வேண்டும். விரல் பருமனாகும் முன் வெட்டினால் காயம் இரண்டு ஆண்டில் மறைந்துபோகும்.

கத்தரித்தலும் உரமும்

கத்தரிக்கத் தேவையில்லை என்பதே பொது விதி. அளவைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தால், ஜூன் மாதத்தில் இளம்பச்சைக் குருத்துகள் மென்மையாக இருக்கும்போது, அந்தப் புதுக் குருத்தில் பாதிக்கு மேற்படாமல் கிள்ளிவிடலாம். ஊசியில்லாத பழைய பகுதிவரை வெட்டினால் அந்த இடம் என்றென்றும் ஓட்டையாகவே நிற்கும். ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில் கையுறை அணிந்து, உள்ளே தேங்கிய காய்ந்த ஊசிகளை உதறிவிடுங்கள். காற்று உள்ளே புகும். உரம் ஏறக்குறைய வேண்டியதில்லை. மெலிந்த மண்ணானால் ஏப்ரலில் ஒருமுறை, மெதுவாகக் கரையும் உரத்தைச் சிறிதளவு இடலாம். ஜூலைக்குப் பிறகு இட்டால் பனிக்கு முன் முதிராத குருத்துகளே மிஞ்சும்.

பனிக்காலம்

-35 பாகையையும் தாங்கக்கூடிய இந்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் குளிர் மட்டும் அல்ல. பெப்ரவரி பிற்பகலில் வெயில் பட்டு ஊசிகள் விழித்து நீரை விடுகின்றன. காற்று அதை உலர்த்துகிறது. வேரோ பனிக்கட்டிக்குள் கிடக்கிறது. அதனால் தென்மேற்குப் பக்கமும் காற்று அடிக்கும் பக்கமும் முதலில் பழுக்கின்றன.

நட்ட முதல் மூன்று பனிக்காலங்களில் மறைப்பு அமைப்பது பயன் தரும். நவம்பரில் நிலம் இறுகுவதற்கு முன், மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மூன்று நான்கு மரக்குச்சிகளை அடித்து, தெற்கு, மேற்குப் பக்கங்களில் சணல்சாக்குத் துணியைத் திரைபோல் கட்டுங்கள். துணி ஊசிகளைத் தொடாமல் இருக்க வேண்டும். மேற்புறம் திறந்திருக்க வேண்டும். பிளாஸ்ரிக் தாளால் மரத்தைச் சுற்றிக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் நாளில் அதனுள் ஏறும் வெப்பம் மரத்தை அவித்துவிடும். மென்பனி படிந்தால் கையால் மேல்நோக்கி மெதுவாகத் தட்டிவிடலாம். கண்ணாடிபோல் பனிக்கட்டி உறைந்திருந்தால் தொடவே வேண்டாம், கிளை முறியும். உப்பு பட்ட மண்ணை ஏப்ரலில் இரண்டு மூன்று முறை நிறைய நீரூற்றிக் கழுவிவிடுங்கள்.

சாடி மரமும் கிறிஸ்மஸ் மரமும்

டிசம்பரில் மளிகைக் கடைகளிலும் சிவப்பு நாடா கட்டி இந்த மரத்தைச் சிறு சாடியில் விற்கிறார்கள். வீட்டுக்குள் வைத்து அலங்கரித்து, பெப்ரவரியில் குப்பையில் போடுவதே பெரும்பாலும் அதன் கதையாகிவிடுகிறது. அதைக் காப்பாற்ற எண்ணினால், வீட்டுக்குள் அதிகம் போனால் பத்து நாள்தான் வைத்திருக்க வேண்டும். ஹீற்றரின் காற்று வராத, குளுமையான யன்னலோரத்தில் வையுங்கள். பொலித்தீன் சுற்றை அகற்றி, நீர் வடிய வழிசெய்யுங்கள். அதன் பிறகு நேரே வெளிப்பனியில் கொண்டுபோய் வைக்காமல், சூடேற்றப்படாத கராஜில் யன்னலருகே இளவேனில்வரை வைத்து, மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முழுவதும் வெளியே சாடியில் வளர்ப்போர், கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நிலத்திலுள்ள வேருக்கு மண் போர்வையாகிறது. சாடியில் நான்கு பக்கமும் குளிர்தான். அரை மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள, அடியில் துளையுள்ள மரச்சாடியோ கனத்த நார்ச்சாடியோ நல்லது. சுடுமண் சாடி உறைபனியில் வெடிக்கும். நவம்பரில் நன்றாக நீரூற்றி, சாடியோடு தோட்ட மண்ணில் புதைத்துவைப்பது எல்லாவற்றிலும் உறுதியான வழி.

ஒரு பக்கம் பழுத்துவிட்டால்

மார்ச்சில் பழுப்பைக் கண்டதும் கத்தரியை எடுக்காதீர்கள். ஊசி செத்தாலும் மொட்டு உயிரோடிருக்கலாம். மே இறுதிவரை பொறுத்து, கிளையின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பாக உலர்ந்திருந்தால் உயிருள்ள பகுதிவரை வெட்டி எடுங்கள். கூம்பின் பாதிக்கு மேல் போயிருந்தால் மரத்தை மாற்றுவதே நேர்மையான முடிவு.

என் வாசலில் நட்ட இரண்டில் ஒன்று அதன் மூன்றாம் பனிக்காலத்தில் தென்மேற்குப் பக்கம், என் மார்பளவிலிருந்து தரைவரை காய்ந்துபோனது. அந்த இலையுதிர் காலத்தில் ஒக்ரோபர் முதல் வாரத்திலேயே நான் நீரை நிறுத்தியிருந்தேன். செத்த குச்சிகளை மட்டும் வெட்டிவிட்டு, அந்தப் பக்கத்துக்கு ஆண்டுதோறும் சாக்குத் திரை கட்டினேன். காய்ந்த இடத்திலிருந்து ஒரு துளிர்கூட வரவில்லை. ஆனால் இருபுறமும் இருந்த உயிருள்ள கிளைகள் ஆண்டுக்கு இரண்டு விரற்கடை என்று நீண்டு, அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்து வந்தன. இப்போது எட்டு ஆண்டுகள் கழித்து, அது என் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியிருக்கிறது.